தடை உண்டானால் சொல்லலாம்

கடவுள் பெயரைச் சொல்லி நீங்கள் எப்போதாவது நடித்திருக்கிறீர்களா? நான் நடித்திருக்கிறேன். பதினாறு வயதில், பசியில், ஒரு தட்டு மரச்சீனிக் கிழங்குக்கும் மீன்குழம்புக்கும். அது அத்தோடு முடிந்திருந்தால் இதையெல்லாம் டைப் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முதலில் சபையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழித்துறையில் ஒரு டைல்ஸ் கடை மாடியில் தொடங்கியது. நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, யார் வரவில்லை என்று எண்ணாமலே தெரிந்துவிடுகிற அளவுக்குத்தான் கூட்டம். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் சொந்த இடம், தகரக் கூரை, ஞாயிறு இரண்டு ஆராதனை, பைக் நிறுத்துவதற்காகப் பக்கத்து ரப்பர் தோட்டக்காரரிடம் வாராவாரம் திட்டு. ஆராதனை முடிந்தால் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. சிக்கல் அங்கேதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற விதவை அம்மாக்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது ஆராதனைதான் கிடைக்கும். அவர்கள் கை கழுவிவிட்டு வரும்போது சோறு இருக்கும், கறி இருக்காது. சில வாரம் சோறும் இருக்காது.

ஒரு ஞாயிறு அவர்களில் ஒருவர் காலித் தட்டோடு நேராகப் பாஸ்டர் முன்னால் போய் நின்றார்.

"பாஸ்டரே, ஜெபம் கொள்ளாம், பாட்டும் கொள்ளாம், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்களுக்கு மட்டும் எப்பளும் சட்டியக் கவுத்துக் காட்டுதாவ. நாங்க என்ன வேற தெய்வத்துக்க பிள்ளேளா?"

பாஸ்டர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் பிரசங்கத்தில் அறிவித்தார். பைபிளில் முதல் சபை வளர்ந்தபோதும் இதே புகார்தான் வந்தது, விதவைகளைப் பந்தியில் மறந்துபோனார்கள், அதற்காகவே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், நாமும் தேர்ந்தெடுப்போம் என்றார். ஐந்து ஆண், இரண்டு பெண். சாப்பாடும், வீட்டில் முடங்கிக் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. பரிசுத்த ஆவியால் நிறைந்தவர்களாக இருக்க வேண்டும். சீட்டில் பெயர் எழுதிப் போடுங்கள்.

ஒருவர் ஆவியால் நிறைந்தவரா என்று எப்படித் தெரியும்? எங்கள் சபையில் அதற்கு ஒரே கணக்குத்தான். அந்நிய பாஷை பேசினால், அதாவது ஜெபத்தில் யாருக்கும் புரியாத மொழி தானாக வாயில் வந்தால், அபிஷேகம் பெற்றவர். பேசாவிட்டால் இன்னும் பெறாதவர். பாஸ், பெயில் மாதிரி.

பாட்டு வரிகளைத் திரையில் போடும் லேப்டாப் என் பொறுப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவளுக்குச் சபை கொடுக்கும் ஊழியம் அதுதான். அதனால் தேர்வானவர்களின் பட்டியலையும் ஸ்லைடு போட என்னிடம்தான் தந்தார்கள். மூப்பர் ஒருவர் கையால் எழுதிய பேப்பர். பெண்கள் பகுதியில் முதல் பெயர் பாஸ்டரின் கொழுந்தி. இரண்டாவது பெயர் என் சிநேகிதி. அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் சின்னதாக, 'அபிஷேகம் பெறவில்லை'. அதற்குக் கீழே என் பெயர்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் பேப்பரைக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் அவள் ஏன் பெறவில்லை, நான் எப்படிப் பெற்றேன் என்பது உலகத்திலேயே எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

ப்ளஸ் ஒன் விடுமுறையில் ஒரு வாலிபர் முகாம். முட்டத்துக்குப் பக்கத்தில், கடல் சத்தம் கேட்கிற ஒரு ஹால். கடைசி நாள் காத்திருப்பு ஜெபம். அபிஷேகம் பெறும்வரை முழங்காலில் நின்று காத்திருக்க வேண்டும். பெற்றவர்கள் எழுந்து சாப்பிடப் போகலாம். காலையிலிருந்து உபவாசம். மதியம் ஆனதும் ஜன்னல் வழியாக மீன்குழம்பு வாசனை. ஒவ்வொருத்தியாக எழுந்து போனாள். கடைசியில் நானும் அவளும் மட்டும். என் தலையில் ஒரு ஆன்ட்டி கை வைத்து அழுதுகொண்டே ஜெபிக்கிறார். நான் நாக்கைச் சுழற்றினேன். ர, ல, ஷ என்று வாயில் வந்ததையெல்லாம் விட்டேன். ஆன்ட்டி அல்லேலூயா என்று கத்திய கத்தலில் எனக்கே கொஞ்சம் பயம் வந்தது. ஆனால் எழுந்து போய்ச் சாப்பிட்டேன். இரண்டு தட்டு.

அவள் சாயங்காலம்தான் வெளியே வந்தாள், முகம் வீங்கி. "ஒனக்கு எப்பிடி இருந்துது?" என்று ஆசையாகக் கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "ஏட்டி, சும்மா நாக்க ஆட்டினேன், வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

எட்டு வருஷம் ஆகிறது. அதே ர, ல, ஷவை வைத்து நான் வாலிபர் ஜெபம் நடத்துகிறேன். இதில் மோசமான விஷயம் ஒன்று உண்டு. சில நாள் ஜெபிக்கும்போது எனக்கு நிஜமாகவே அழுகை வரும், உடம்பெல்லாம் லேசாகிவிடும். அது ஆண்டவரா, பழக்கமா என்று எனக்கே தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. அவளோ இத்தனை வருஷமாகப் பாடல் குழுவிலும் இல்லை, ஜெபக் குழுவிலும் இல்லை. குழித்துறையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை. ஞாயிறு வந்தால் சமையல்கூடத்தில் அண்டா கழுவுவாள். முடிகிற வாரங்களில் கடற்கரை அம்மாக்களுக்கென்று ஒரு தூக்குப் பாத்திரத்தில் கறியை ஒளித்து வைப்பதும் அவள்தான். அவள் லீவில் இருந்த ஒரு ஞாயிறுதான் அந்தக் காலித் தட்டுக் கலாட்டா.

எங்கள் பக்கம் கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயம் ஆகியிருக்கிறது, தடை உண்டானால் அறிவிக்கலாம் என்று. பாஸ்டர் அதே முறையை இதற்கும் வைத்தார். ஏழு பெயரையும் மூன்று ஞாயிறு வாசிப்பார். தடை ஒன்றும் இல்லை என்றால் மூன்றாவது ஞாயிறு தலையில் கை வைத்துப் பிரதிஷ்டை.

முதல் ஞாயிறு என் பெயரை வாசித்தபோது நான் பின்னால் திரும்பி அவளைத்தான் பார்த்தேன். அவள் தண்ணீர் ஜக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆராதனை முடிந்ததும் சமையல்கூடத்துக்குப் போனேன்.

"ஏட்டி, நீ சொல்லப் போறியா?"

"என்னத்த?"

"முகாம்ல நடந்தத."

"ஓ, அதா. மீன்குழம்பு நல்லா இருந்துதா?"

"எட்டு வருசமாச்சு!"

"எனக்கு அன்னைக்கு அடிச்சட்டிதான் கிடைச்சுது. அதான் நல்ல ஓர்மை இருக்கு."

"நீ தடை சொன்னா நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன். சத்தியமா."

அவள் அண்டாவிலிருந்து தலையை எடுத்தாள். "நீ நினைக்காண்டாம். ஆனா ஒனக்க பாவத்துக்கு எனக்க வாய வாடகைக்கு விடமாட்டேன், கேட்டியா? அந்தக் கரண்டிய இங்கோட்டு எடு."

கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் அம்மா வேறு. அம்மாவின் அண்ணன்மார் நெல் விவசாயம் பண்ணுகிற சைவக் குடும்பம். அம்மா சபைக்கு வந்ததில் அவர்களுக்கு இன்னும் கசப்பு. அவர்களுக்கே போன் போட்டு, எனக்க மகளைச் சபையில் தெரிஞ்செடுத்திருக்கு என்று சொல்லிவிட்டாள். கிரீம் கலரில் ஒரு சேலையும் வந்துவிட்டது.

"மூணாவது வாசிக்கும்போ இத உடுத்துக்க மக்கா."

"அம்மா, இது கல்யாணம் இல்ல."

"பின்ன? ஓலை வாசிக்குதாவ, சேலை இருக்கு, சோறு இருக்கு. மாப்பிள்ளைதான் இல்ல. அதுவும் பைய வரும்."

இரண்டாவது ஞாயிறுக்கு முன்னால் ஒரு நாள் துணிந்து பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றார். யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களாம். வழியில் மனப்பாடம் பண்ணி வந்ததில் "பாஸ்டர், எனக்கு இதுக்குத் தகுதி இல்ல" என்பது மட்டும்தான் வெளியே வந்தது. கூடவே அழுகையும்.

அவர் சிரித்தார். "அப்பிடிச் சொல்லுத ஆளத்தான் நான் தேடிட்டு இருக்கேன், மக்கா." பைக் கிளம்பிவிட்டது.

அதோடு விட்டாரா? இரண்டாவது ஞாயிறு ஏழு பெயரையும் வாசித்துவிட்டு, இதில் ஒரு சகோதரி தனக்குத் தகுதி இல்லை என்று என்னிடம் வந்து கண்ணீர் விட்டாள், இதுதான் தாழ்மை, இதுதான் ஆவியின் அடையாளம் என்றார். சபை முழுக்க ஆமென். நான் லேப்டாப் பின்னால் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொல்லப் போனாலும் அதுவும் எனக்கு ஒரு மார்க்காக விழுகிறது. இதற்கு மேல் யார் என் தலையில் கை வைத்தாலும் அந்தப் பொய்க்குச் சீல் குத்தியது மாதிரிதான். அப்புறம் அதை எடுக்க முடியாது. அவள் பெயர் மேல் போட்ட கோடும் அப்படியே கிடக்கும்.

மூன்றாவது ஞாயிறு, அதாவது போன ஞாயிறு, கிரீம் சேலையில் போனேன். பாஸ்டர் வாசித்தார். ஏழாவதாக என் பெயர். "தடை உண்டானால் இப்போதே சொல்லலாம்" என்றார். சொல்லிவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுக்கக் குனிந்தார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று அவருக்கே அவ்வளவு நிச்சயம்.

"தடை உண்டு பாஸ்டர்."

என் குரல்தான். எனக்கே சந்தேகமாக இருந்தது.

"யார் பேருல?"

"எனக்க பேருல."

யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பசி, மீன்குழம்பு, நாக்கு, இரண்டு தட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பின் வரிசையில் ஒரு பையன் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டான். முன் வரிசையில் அந்த முகாம் ஆன்ட்டி இருந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். "நான் கை வச்சேனே மக்கா, எனக்குக் கையெல்லாம் தீயா எரிஞ்சுதே, அப்ப அது என்னது?" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். அம்மா இருந்த பக்கம் நான் பார்க்கவே இல்லை.

அங்கேயே மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானதும் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. "இந்த இடம் அவளுக்குள்ளது. அபிஷேகம் கிடைக்கல்லன்னு அவ பேர வெட்டிட்டாவ" என்று கையை நீட்டிக் காட்டிவிட்டேன்.

அவ்வளவு தலையும் பின்னால் திரும்பியது. அவள் தண்ணீர் ஜக்கோடு நின்றிருந்தாள். அவள் பெயரை வெட்டியது அந்த நிமிஷம் வரை அவளுக்கே தெரியாது. மூப்பர்களை விட்டால் பேப்பரைப் பார்த்தவள் நான் மட்டும்தானே. ஜக்கை ஜன்னல் படியில் வைத்தாள். செருப்பை மாட்டினாள். போய்விட்டாள்.

பாஸ்டர் மற்ற ஆறு பேருக்கும் கை வைத்து ஜெபித்தார். என் விஷயத்தை மூப்பர்கள் உட்கார்ந்து பேசுவார்கள் என்றார். அன்றைக்கு அந்தத் தூக்குப் பாத்திரத்தில் கறி எடுத்து வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கடற்கரை அம்மாக்கள் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.

வீட்டில் அம்மா சேலையை மடித்து உள்ளே வைத்தாள். சாப்பாடு மட்டும் போடுகிறாள்.

அவள் ஞாயிறு மதியம் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினாள். 'எனக்க பேர எதுக்கு ஏட்டி இழுத்த? எட்டு வருசம் அபிஷேகம் கிடைக்காதவளா இருந்தேன். இப்ப பாவப்பட்டவளாவும் ஆக்கிட்ட.' அதற்குப் பிறகு நான் அனுப்பியது எதற்கும் பதில் இல்லை. போன் அடித்து அடித்து நிற்கிறது. திங்கட்கிழமை மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் உள்ளே ஸ்டாக் எடுக்கப் போனவள், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

என்னை நீக்கினால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் பெயரைத் திரும்ப எடுப்பார்களா, எடுத்தாலும் என் வாயால் கிடைத்த இடத்தை அவள் தொடுவாளா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பாஸ்டர் இன்று ஆறு மணிக்கு என்னையும் அவளையும் வரச் சொல்லியிருக்கிறார். வருவதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மணி நாலரை. அவள் ஆன்லைனில் இருக்கிறாள்.