பதினாலு பேர் ஏர்போர்ட் போன வீடு

அப்போதுதான் ஜெராக்ஸ் எடுத்த தாளுக்கு ஒரு சூடு இருக்கும். நூறு தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தால், பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருக்கும்...

எனக்கு அப்போது பதினாறு வயது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். நான் சித்தி வீட்டில் இருந்தேன். சித்தி நல்லவள்தான். ஆனாலும் அந்த வீட்டில் யாரும் என்னைக் கேட்டு எதுவும் செய்ததில்லை, நானும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

நாகப்பட்டினம் பக்கம் கடற்கரையில் ஒரு லாட்ஜில், ரூம் புக்கிங் நோட்டு எழுதும் வேலை கிடைத்தது. முதலாளி சவரிமுத்து சார். எங்கள் பக்கத்தில் புதிதாகக் கட்டிய சின்ன ஏர்போர்ட் ஒரு பிளேன்கூட வராமல் கிடந்தது. பிளேன் வந்தால் டூரிஸ்ட் வருவார்கள் என்று லாட்ஜ்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு விமானக் கம்பெனிக்கு எழுதினார்கள். "உங்க ஊர்ல பறக்கிற ஆளுங்க எத்தனை பேர்னு காட்டுங்க" என்று பதில் வந்தது.

காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. சவரிமுத்து சார் ஜெராக்ஸ் எடுத்த நூறு தாளை என் கையில் கொடுத்தார்.

"வெளிநாட்டுல ஆள் இருக்கிற வீடாப் பாத்துப் போ. ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏர்போர்ட் போறாங்கன்னு கேளு. எழுது. அவ்ளோதான்."

வாய் திறக்காத பெண்ணை வீடுவீடாக அனுப்பினார்... ஆனாலும் போனேன். காரணம் அம்மா போனில் அடிக்கடி சொல்வது.

"வருஷத்துக்குப் பத்து நாள்தான்டி லீவு. அவங்க குடுக்கிற டிக்கெட்டு மெட்ராஸ் வரைக்கும்தான். அங்கேருந்து பஸ்ஸுல வந்துபோகவே ரெண்டு நாள் காலி. அதான் ரெண்டு வருசத்தைச் சேத்துவெச்சு ஒரேயடியா வர்றேன். நம்ம பக்கம் பிளேன் வந்தா வருசா வருசம் வந்துருவேன்."

அதனால் ஒவ்வொரு கதவையும் தட்டினேன்.

ஃபாத்திமா அக்கா வீட்டில் டீ கொடுத்து உட்காரவைத்தார்கள். "பதினாலுன்னு போட்டுக்கம்மா. நாத்தனாரையும் சேத்தா பதினஞ்சு. ஆனா அவ பாதி வழியில எறங்கிட்டா, ஜன்னல் சீட்டு குடுக்கலன்னு."

எதிர்வீட்டில் பதினொன்று. அதற்கடுத்த வீட்டில், "வேன்ல எத்தனை பேர் ஏறலாமோ அத்தனை."

சிரிக்காமல் எல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு. அம்மாவை அனுப்ப நாங்களும் வேன் பிடித்துத்தான் சென்னைக்குப் போனோம். புளிசாதம், தலையணை, வாந்திக்கு எலுமிச்சம்பழம்... ஒருவர் பறப்பதென்றால் எங்கள் பக்கம் அப்படித்தான். தப்பு எழுதுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார்கள். லாட்ஜ் சாப்பாட்டு ஹாலில் கூட்டம். நான் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றேன். மேடம் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார்கள்.

"இந்தத் தெருவே பறந்துபோயிட்டா ஊர்ல யாரு சார் இருப்பாங்க?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. சவரிமுத்து சார் முகம் கறுத்துவிட்டது. "ஏம்மா, நீதானே எழுதின? எந்திரிச்சுச் சொல்லு." நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அவர்கள் கேட்டது பறக்கிறவர்களை மட்டும் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. உண்மையைச் சொன்னால் பிளேன் வராது. பிளேன் வராவிட்டால் அம்மா வருஷா வருஷம் வரமாட்டாள். "ஆமாம், எல்லாரும் பறப்பாங்க" என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் பொய் சொல்லவும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரிய வேண்டுமே...

"அவங்கல்லாம் அழறதுக்குப் போறவங்க மேடம். பறக்கிறது ஒருத்தர்தான்."

"போச்சுடா, பிளேன் போச்சு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மேடம் சிரிக்கவில்லை. "உங்க வீட்ல?"

"பன்னெண்டு பேர் போனோம்."

"பறந்தது?"

"எங்கம்மா."

தாள்களை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். "சரி, திரும்பப் போய்க் கேளு. பறக்கிறவங்க மட்டும். எந்த ஊருக்கு, வருஷத்துக்கு எத்தனை தடவை... அதையும் எழுது. நீ எழுதினா நம்பறேன்."

மறுபடி அதே கதவுகள். ஃபாத்திமா அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்கள்: "என்னடி இது, போன தடவை பதினாலு, இந்தத் தடவை ஒண்ணா? மிச்சப்பேரை என்ன பண்ணினே?" அந்தச் சுற்றில்தான் நான் பேசக் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

ஒரு வருஷம் கழித்துப் பிளேன் வந்தது. சென்னை வரைக்கும் போகும் சின்னப் பிளேன். தொப்பி போட்ட டூரிஸ்ட்டுகள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியும் கயிறுமாக எங்கள் ஆட்கள்.

இப்போது அம்மா சொன்னபடி வருஷா வருஷம் வருகிறாள். ஏர்போர்ட் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம்தான். அந்தத் தூரத்துக்கு யார் வேன் பிடிப்பார்கள்? சித்தி வாசலிலேயே, "போயிட்டு வாக்கா, அடுத்த வருசம்தான் வந்துருவியே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். யாரும் அழுவதில்லை. அழுகிற அளவுக்கு இப்போது எதுவும் நடப்பதில்லை போல.

முன்பெல்லாம் திரும்பி வரும்போது வேனில் யாராவது மடியில் என் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். யார் மடி என்றுகூடத் தெரியாது...

போன மாதம் நான் மட்டும் ஆட்டோவில் போய் அம்மாவை விட்டேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவு வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரு கூட்டத்துக்கே காட்டுவதுபோல் காட்டினாள். பழக்கம்.

அங்கே நான் ஒருத்திதான் நின்றிருந்தேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.