மழைச்சோறு போட்ட வீடு

என் மனைவிக்கு ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் தண்ணீர். காபி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் மிடறு எல்லாம் அதற்குள் அடக்கம். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாமல் நின்று, வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் படுக்க ஆரம்பித்தபோது டாக்டர் போட்ட கணக்கு அது. மீறினால் தண்ணீர் நுரையீரலில் ஏறும் என்றார். மாசியில் ஒரு முறை ஏறியது. படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அலைந்தாள். அன்றிலிருந்து அவள் டம்ளரை நான்தான் நிரப்புகிறேன். கருவூலத்தில் உத்தியோகம் பார்த்தவன். எண்ணாமல் எதையும் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இந்த வருஷம் தைக்குப் பிறகு ஒரு பொட்டு மழை இல்லை. அக்னி நட்சத்திரத்தில் வந்து போகும் கோடை மழையும் ஏமாற்றிவிட்டது. அடி அண்ணாமலையில் எங்கள் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒரு லாரி, வீட்டுக்குப் பன்னிரண்டு குடம். மலையில் புல் எரிந்து கரித் திட்டுகளாகக் கிடந்தது. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஏழு திட்டுகள். லாரிக் குழாய் ஒழுகுவதை என் மனைவி ஜன்னலில் நின்று பார்ப்பாள்.

"எவ்ளோ வீணாப் போவுது பாருங்க" என்பாள். குடம் நிறையவில்லையே என்ற கவலையில் அவள் அதைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். வாய் கொப்பளிக்கப் போனால் பின்னாலேயே போய் அவள் தொண்டையைப் பார்ப்பேன். அவள் துப்பிவிட்டு, "போலீஸ்காரரக் கட்டிக்கினு இருந்தாக்கூட இவ்ளோ காவல் இருக்காது" என்பாள்.

ஆனி மாதம் ஒரு காலை, தெருப் பெண்கள் பதினோரு பேர் சட்டியோடு வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறவள். எங்களுக்கு எதிர் வீடு.

"அம்மா, மழைச்சோறு போடுங்க! உப்பு போடாத சோறு!"

வீடு வீடாக உப்பில்லாத சோறு வாங்கி, ஒன்றாகப் பிசைந்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துத் தின்பார்கள். பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டே போகிறோம் என்று வானத்துக்குக் காட்டுவது. அதைப் பார்த்து வானம் இரங்க வேண்டும்.

"இதெல்லாம் பண்ணா மழை வந்துடுமா?" என்று கேட்டேன்.

"நீங்க தெனமும் மாடில ஏறி மேகத்த எண்றீங்களே சார், அதுக்கு வந்துச்சா?"

பதினோரு பேரும் சிரித்தார்கள். உள்ளே என் மனைவியும் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தோடு வந்தாள்.

"எங்க வூட்ல தனியா வடிக்கத் தேவையில்லம்மா. ஒரு வருஷமா உப்பில்லாத சோறுதான்."

"ஏம்மா, ஒடம்புக்கா?"

"பிரஷரு" என்றாள். கிட்னி என்று தெரிந்தால் சாவுக்கு வருகிற முகத்தோடு வந்து விசாரிப்பார்கள் என்று அவளுக்குப் பயம். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப உங்க சோத்துக்குத்தாம்மா மழை எறங்கும்" என்று சட்டியை நீட்டினாள் இளநீர்க்காரி.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மலை உச்சி மறைந்தது. காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. பின்னாலேயே தகரக் கூரைகளின் மேல் கல் எறிவது போல மழை. காயப்போட்ட துணிகளை எடுக்க மாடிக்கு ஓடினேன். மொத்தம் ஆறு உருப்படி. நான்காவதை எடுக்கும்போது கீழே பார்த்தேன். என் மனைவி தெருவில் நின்றிருந்தாள், முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்துகொண்டு.

"வாய மூடு!" என்று கத்தினேன்.

தெருவே வெளியில் நின்றது. "மொத மழையில நிக்கற பொண்டாட்டிய வாய மூடுன்னு சொல்றவர இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் இளநீர்க்காரி. தன் வீட்டுக் கூரை முனையில் ஒரு சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது நிறைந்ததும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள்.

"உங்க சோறு வாங்கினு வந்த மழைம்மா. மொத சொம்பு உங்களுக்குத்தான்."

என் மனைவி வாங்கிக்கொண்டாள். தலையைத் தூக்கி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அண்ணாந்து குடித்தாள்.

குடிக்காதே என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்று தெரு கேட்கும். ஆனால் அதற்குள் அவள் தொண்டை ஏறி இறங்குவதை எண்ண ஆரம்பித்திருந்தேன். ஒன்பது வரைக்கும் எண்ணினேன். அப்புறம் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன், கையில் நனைந்த வேட்டியோடு. ஒரு வருஷத்தில் அவள் அப்படிக் குடித்து நான் பார்த்ததே இல்லை. சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். பெண்கள் கை தட்டினார்கள்.

மழை அவ்வளவுதான். நான் கீழே வருவதற்குள் நின்றுவிட்டது. தெரு ஓரத்தில் குச்சியால் கிளறிப் பார்த்தேன். ஒரு விரல் ஆழத்துக்குக்கூட மண் நனையவில்லை. அன்று சாயங்காலம் நான் டம்ளரை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது அவளால் படுக்க முடியவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் பழையபடி புழுதி.

"எடை இவ்ளோ ஏறியிருக்கு. யாரு தண்ணி குடுத்தது?" என்று நர்ஸ் சத்தம் போட்டாள்.

"மழை" என்றாள் என் மனைவி, ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து.

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்கதான் மிடறு மிடறா கணக்கு சொல்லுவீங்களே. எவ்ளோ குடிச்சாங்க?"

அந்த அளவுச் சொம்பு ஐந்து டம்ளர் பிடிக்கும்.

"எண்ணலம்மா" என்றேன்.

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு மெஷினைப் போடப் போனாள். என் மனைவி கண்ணைத் திறக்காமல் உதட்டை நக்கினாள்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மழை வரவில்லை. டாக்டர் கணக்கை மாற்றிவிட்டார். இப்போது ஒரு நாளைக்கு நான்கு டம்ளர்.