கேமராவை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்

கடக். அதன் பின்னால் கிர்ர்ர் என்று நாடா இழுபடும் ஓசை. வீடியோ டெக் கேசட்டை விழுங்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. கேட்டதும் என் நாக்கில் கல்யாண வீட்டுக் கேசரி இனித்தது. மூளையைக் கேட்காமல் உடம்பு செய்கிற வேலை அது.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது அந்த மாடி அறை. கீழே குண்டான்கள் உருள்கிற ஓசை ஓயாது. அறை என் தோழியுடையது. ஆவணப்படம் எடுப்பவள், என்னைவிட இளையவள், என்னைப் போலவே கொள்ளேகாலிலிருந்து மைசூருக்கு வந்து ஒட்டிக்கொண்டவள். அவள் படம் எடுப்பாள். படத்தில் பேச ஒரு குரல் வேண்டுமென்றால் அதற்கான தமிழை நான் எழுதுவேன். ஒவ்வொரு படத்துக்கும் எங்களுக்குள் ஒரு சண்டை உண்டு.

பட்டுப்புழு வளர்ப்பவர்களைப் பற்றிய முதல் படம் முழுக்க என் சொற்கள்தான். ஒரு குரல் பரண்மேல் உட்கார்ந்துகொண்டு, இது இன்னது, அது இன்னது என்று சொல்லிக்கொண்டே போகும். எல்லாம் தெரிந்த குரல். இன்று அதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன். மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்களை எடுத்தபோது அவள் என் சொற்களையெல்லாம் தூக்கி எறிந்தாள். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டு ஓரம் கேமராவை நட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். பஸ் வரும், போகும். மொட்டைத் தலைகளில் சந்தனம் காயும். வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான் யோக்கியம் என்றாள். கேமராவுக்கு முன்னால் யாரடி சும்மா இருக்கிறார்கள், அழுகிறவர்கள்கூடக் கொஞ்சம் நன்றாக அழுவார்கள் என்றேன். ஹனூர்ப் பக்கம் யானை மிதித்த சோளக்காட்டுப் படத்தில் அவளே மைக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கேள்வி கேட்டாள், திட்டு வாங்கினாள், வாங்கிய திட்டையும் படத்தில் வைத்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த முறை அவள் எதையும் எடுக்கவில்லை. யாரோ எப்போதோ எடுத்ததைச் சேர்த்துத் தைக்கிற வகைப் படம் இது. கொள்ளேகாலில் மூடிப்போன ஒரு வீடியோ ஸ்டூடியோவின் பரணிலிருந்து சாக்குச் சாக்காகக் கேசட்டுகளை வாங்கி வந்திருந்தாள். வீடுகளுக்குக் கொடுத்த கேசட்டுகள் இல்லை. இதயத்துக்குள் மாப்பிள்ளை, தாமரைக்குள் பெண் என்று அலங்கரித்துக் கொடுப்பதற்கு முன்னால் வெட்டி ஒதுக்கிய மிச்சங்கள். முகம் தெரிந்தவர்களைத் தேடிப் போய்ச் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெரியாதவர்கள் இன்னும் திரையில்தான் இருந்தார்கள்.

டெக்கிலிருந்து கணினிக்கு ஒரு கேசட் ஏறிக்கொண்டிருக்கும்போதே, கோத்தவரைக்கும் போட்டுக் காட்டினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. கொட்டாவி விடும் புரோகிதர். தாலி கட்டும் நேரத்தில் கரெண்ட் போய் இருட்டில் கேட்கும் 'கட்டிட்டானா? கட்டிட்டானா?'

"அடுத்தது நோடி, பாருங்க அக்கா. இதுதான் படத்தோட உயிரு. இதுக்கு நீங்க ஒரு வார்த்தகூட எழுத வேண்டாம்."

"அப்புறம் எதுக்கு என்னை வரச் சொன்ன?"

"காப்பி வாங்கிக் குடுக்க. எங்கிட்ட சில்லறை இல்ல."

படம் சாய்ந்திருந்தது. கேமராவை ஏதோ மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முன்னால் பெரிதாக வாழை இலைக் கட்டு. அதற்கு அப்பால் மண்டபத்தின் கை கழுவும் இடம், வரிசையாகக் குழாய்கள்.

"ரெக்கார்டிங் ஓடறப்ப முன்னாடி ஒரு சின்ன சிவப்பு வெளக்கு எரியுமில்ல, அதப் பாத்தா ஜனங்க வெறச்சுக்குவாங்கன்னு கறுப்பு டேப்பு ஒட்டி வெச்சிருவாங்கக்கா" என்றாள். "அப்புறம் ஓடுதா நிக்குதான்னு அவங்களுக்கே தெரியாது. இந்தாளு கீழ வெச்சிட்டுச் சாப்புடப் போயிட்டாரு. அது பாட்டுக்கு ஓடியிருக்கு. பார்க்க ஆளே இல்லாத கேமரா! இந்த மாதிரி எனக்கு ஜென்மத்துக்கும் எடுக்க வராது."

குழாய்களுக்கு அருகில் பட்டு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர். செருப்புப் போட்டிருந்தார். கக்கத்தில் கைப்பை. கிளம்புகிற ஆள். அவருக்கு எதிரே சற்றுத் தள்ளி, முதுகு காட்டி இன்னொருவர், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியவர். கைகள் விரிகின்றன, சேர்கின்றன. இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. ஒரு பெண் வந்து கேமரா இருந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டு, முந்தானையை விரித்துப் பிடித்தாள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு மறைப்பு. கேமரா இருந்த கோணத்துக்கு அந்த மறைப்பு போதவில்லை. சட்டையைச் சுருட்டியவர் இடமும் வலமும் பார்த்தார். நாலு எட்டு வைத்து நெருங்கினார். பிறகு, அந்த ஈரத் தரையில், தடாலென்று பெரியவர் காலில் விழுந்தார்.

அங்கே வெட்டு. அடுத்த கல்யாணம், அடுத்த நாதஸ்வரம்.

"நிறுத்து" என்றேன்.

"நல்லா இருக்கில்ல?"

"நிறுத்துடி. முந்தானைய விரிச்சது எங்கம்மா. விழுந்தது எங்கப்பா."

"சும்மா வெளையாடாதீங்கக்கா."

"செருப்புப் போட்டிருக்கிறவர் என் மாமனார்."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அய்யோ தேவரே என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். கீழே கடையில் ஏதோ ஒரு பெரிய அண்டா விழுந்து அதிர்ந்தது. நெடுநேரம் அடங்கவே இல்லை, அல்லது என் காதுக்குள்தான் அடங்கவில்லை.

"எடுத்தர்றேன்க்கா. இப்பவே எடுத்தர்றேன்."

அவள் கை மவுஸின் மேல் இருந்தது. நகரவில்லை. உயிரைப் பிடுங்கச் சொன்னால் யாருக்குத்தான் கை நகரும்? நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வீட்டுக்குப் போகாமல், இப்போது மைசூரிலேயே சரஸ்வதிபுரத்தில் இருக்கும் அம்மாவிடம் பஸ் ஏறினேன்.

என் கல்யாணத்தில் யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை என்பதை ஒரு நகையைப் போல இத்தனை காலம் போட்டுக்கொண்டு திரிந்தவள் நான். 'எங்க வீட்டுக் கல்யாணம் மரியாதையா நடந்தது' என்று மற்றப் பெண்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மா ஊறவைத்த அவரையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். விரலுக்கு நடுவே தோல் கழன்று பருப்பு துள்ளி விழுகிறது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"கல்யாணத்தன்னிக்கு அப்பா எதுக்கு மாமனார் கால்ல விழுந்தாரு?"

பருப்பு துள்ளுவது நின்றது.

"ஆரு சொன்னது?"

"யாரும் சொல்லல. வீடியோவுல பார்த்தேன்."

"நம்ம கேசட்டுல அது இல்லியே" என்றாள் அம்மா. "வந்த ஒடனே அதத்தான் மொதல்ல பாத்தோம். எங்காச்சும் மாட்டியிருக்குதான்னு நானும் உங்கப்பாரும் உக்காந்து உக்காந்து பாத்தோம்."

ஆக, பயந்திருக்கிறார்கள். இருவரும் என் கல்யாணப் படத்தைத் திருடனைத் தேடுவதைப் போலப் பார்த்திருக்கிறார்கள்.

"எதுக்கும்மா?"

"எல்லாம் உன்ற கவிதைதான் கண்ணு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பத்திரிகையில் என் கவிதை வந்திருந்தது. அதை யாரோ ஒரு புண்ணியவான் முகூர்த்தக் காலையில் மண்டபத்துக்கே கொண்டுவந்து மாமனார் கையில் கொடுத்திருக்கிறான்.

"யாருங்க இந்த 'நீ'ன்னு உம் மாமனாரு கேட்டாரு. அது சாமியப் பாடுனதுங்கன்னு உங்கப்பாரு சொன்னாரு. தோள்ல மச்சம் எந்தச் சாமிக்குங்க இருக்குதுன்னு அவரு திருப்பிக் கேட்டுட்டாரு."

சொல்லும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அந்த 'நீ' யார் என்று அம்மா அன்றும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

"பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. மாப்பிளைக்கு ஒண்ணுந் தெரியாது, அவரு மணவறையில உக்காந்திருந்தாரு. உங்கப்பாருதான் கால்ல உழுந்து, இனிமே எம் புள்ள எழுத மாட்டாளுங்கன்னு வாக்குக் குடுத்தாரு."

எழுதாமல் ஒரு மாதம்கூட இருந்ததில்லை நான். என் முதல் புத்தகம் புகுந்த வீட்டுக் கூடத்தில்தான் எழுதப்பட்டது. மாமனார் அதைத் திறக்காமல் அலமாரியின் மேல் வைத்தது, சாகும்வரை என்னோடு கணக்காகவே பேசியது எல்லாம் அவர் குணம் என்று நினைத்திருந்தேன். அப்பா என் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. கொள்ளேகாலிலிருந்து மைசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஆள் விட்டு எங்களைக் கூப்பிட்டு, பலாப்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். புத்தக வெளியீட்டுக்கும் வரவில்லை. அவருக்கு என் எழுத்து பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, அதைப் பற்றியும் எழுதினேன். நல்ல கவிதை என்று பாராட்டினார்கள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நான் சொல்லலாம்னுதான் சொன்னேன். 'வாக்குக் குடுத்தது நானு, அவ இல்ல'ன்னுட்டாரு. நீயும் எழுதிக்கிட்டேதான இருந்த. அப்பறம் சம்பந்தி மூஞ்சியில எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு முழிப்பாரு?"

அப்பா இறந்து எத்தனையோ மழை போய்விட்டது. விளக்கம் கேட்க ஆள் இல்லை. சாய்ந்த ஒரு கேமரா மட்டும் எனக்காகக் காத்திருந்து சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

படத்தைப் பற்றிச் சொன்னேன். ஊரே பார்க்கும் என்றேன். தோழி எடுத்துவிடத் தயாராக இருக்கிறாள், சரி என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

அம்மா வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "அதுல அவரு நடக்கறாரா?"

"நாலு எட்டு வைக்கிறார்."

"நம்ம கேசட்டுல அவரு எங்கியுமே இல்ல, பாத்தியா? ஒரு எடத்துல கையி, ஒரு எடத்துல தோளு. பொண்ணப் பெத்தவன் எங்க நிப்பான், ஓடிக்கிட்டேதான இருப்பான்."

உண்மை. அவர் அசைவது எங்கேயும் பதிவாகவில்லை. இருக்கிற ஒரே நடை, விழுவதற்காக நடந்த நடை.

வாசல் கேட் வரைக்கும் அம்மா வந்தாள். பிதுக்கிய பருப்பைத் தூக்குப் போசியில் போட்டு என் கையில் கொடுத்தாள். கொக்கியை மாட்டப் போனவள், மாட்டாமல் நின்றாள்.

"உழுந்ததோட முடிஞ்சுருதா படம்?"

"ஆமாம்மா. அங்கதான் வெட்டியிருக்கா."

"அதெப்புடி? அவரு எந்திரிச்சு, மொகங் கழுவீட்டு, நேரா பந்திக்கு வந்து எல்லாத்துக்கும் நெய் ஊத்துனாரே."

"அது மிச்சக் கேசட்டுல இருக்கும். அவளக் கேக்கணும்."

"அப்ப வெட்ட வேண்டாம்னு சொல்லு" என்றாள் அம்மா. "அவரு எந்திரிக்கற வரைக்கும் ஓட உடச் சொல்லு."