அறிவித்தலுக்குப் பின்னால் ஒரு மவுத் ஓர்கன்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் குடியிருந்த தமிழர்களில் நீக்கிலாப்பிள்ளையின் கசெற்றைக் கேட்காதவர் ஒருவரும் இல்லை. அதில் நீக்கிலாப்பிள்ளை வாசித்ததைக் கேட்டவரும் ஒருவரும் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது எப்படி என்பதை விளக்குவதற்காகவே இந்த வாழ்க்கைக் குறிப்பு எழுதப்படுகிறது. மற்றபடி, ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களில் படத்தோடு இடம்பிடிக்கும் பெரியோர்களுக்குரிய தகுதி எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அவர் கோயில் கட்டவில்லை. நகைக்கடை திறக்கவில்லை. வீடு விற்கும் முகவராகி, பஸ் தரிப்பிடத்து வாங்கில் தம் முகத்தை ஒட்டுவித்து, அதன்மேல் சனத்தை உட்கார வைக்கவும் இல்லை.

ஊர்காவற்றுறைப் பக்கத்திலிருந்து எண்பத்தேழில் அகதியாக வந்து, ரொறன்ரோவின் ரெக்ஸ்டேல் பகுதியில் வாளிக்கு மூடி செய்யும் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் சேர்ந்தார். வாளி வேறெங்கோ செய்யப்பட்டது. மனைவி கிளடிஸ், பிள்ளைகள் ஜஸ்ரின், ஸ்டெபனி. கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த சித்தப்பா ஒருவர் சிறுவயதில் வாங்கிக் கொடுத்த மவுத் ஓர்கன் அவருடைய சட்டைப்பையில் எப்போதும் இருந்தது. அகதி விசாரணைக்குப் போன அன்றும் இருந்தது. அதை ஏன் கொண்டு வந்தாய் என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழக்கு இன்னும் இழுபட்டிருக்கும்.

தொழிற்சாலையில் போர்க்லிஃப்ற் ஓட்டியவர் வேர்னன் கோல்பேர்ட். நோவா ஸ்கோஷியாக்காரர், கறுப்பர், ஆறடிக்கு மேல் உயரம். அவருடைய முன்னோர்கள் கனடாவில் வந்திறங்கி இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனினும் போன மாதம் விமானத்தால் இறங்கிய எங்கள் ஆட்கள் அவரைக் கூப்பிட்டு, எந்த நாட்டிலிருந்து வந்தீர் என்று விசாரிப்பார்கள்.

“இந்த நாடுதான்” என்பார் வேர்னன்.

“அது சரி. உண்மையில எந்த நாடு?” என்று நம்மவர் விடாமல் கேட்பார்கள். புதிதாக வந்தவனை விசாரிக்கும் உரிமை, முன்னமே வந்தவர்களுக்கு உண்டல்லவா?

மதிய இடைவேளையில் வேர்னன் ஒரு பழைய கிற்றாரை மடியில் வைத்து வாசிப்பார். கம்பியில் விரலை இழுத்து, மரவேலியில் காற்று முனகுவதுபோல ஒரு சத்தம் எடுப்பார். ஒருநாள் நீக்கிலாப்பிள்ளை சோற்றுப்பெட்டியை மூடிவிட்டு மவுத் ஓர்கனை எடுத்தார். வேர்னன் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், கூட்டு உண்டாகிவிட்டது. நம்முடைய சங்கங்களில் இதற்கு மூன்று கூட்டமும் ஓர் உபகுழுவும் தேவைப்பட்டிருக்கும்.

புளூஸ் என்னும் அந்த இசையின் இலக்கணத்தை வேர்னன் இப்படி விளக்கினார். “நிக், உன் துக்கத்தை ஒருமுறை சொல். ஒருவனும் கவனிக்கமாட்டான். அதையே இன்னொருமுறை சொல். மூன்றாவதாக, அதற்கு நீ என்ன செய்யப் போகிறாய் என்று சொல்.”

நீக்கிலாப்பிள்ளைக்கு இது புதிதாகத் தெரியவில்லை. அவருடைய மாமியார் உயிரோடு இருந்த காலம் முழுவதும் சண்டை பிடித்தது இதே இலக்கணத்தில்தான்.

ஞாயிறு தோறும் வேர்னன் கிளடிஸின் வீட்டில் சாப்பிட்டார். இசையைப் பற்றி கிளடிஸுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. “உது என்ன, பூனைக்குட்டி கதவுக்குள்ள நசிஞ்ச மாதிரி” என்பதே அது. ஆனால் நண்டுக்கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, கண்ணீர் வழிய வழியச் சாப்பிடுகிற ஒரு மனிதன்மீது அவருக்கு மரியாதை இருந்தது. அவருடைய சொந்தத் தம்பிமார் அப்படிச் சாப்பிட்டதில்லை.

தொண்ணூற்றிரண்டில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ற்றில், இரைகிற வெப்ப அடுப்பை ஒலிப்பதிவு முடியும்வரை நிறுத்தி வைத்து, குளிரில் விறைத்தபடி இருவரும் ஒரு கசெற் பதிவு செய்தார்கள். முதலாவது உருப்படியின் பெயர் ‘பின்ச் வெஸ்ற் பஸ்’. அதில் பாட்டு இல்லை. கிற்றார்தான் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற மனிதன். அவன் காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறான், கையை ஊதுகிறான், தெருவை எட்டிப் பார்க்கிறான். மவுத் ஓர்கன்தான் பஸ். கிற்றார் ஒரு முழுச்சுற்று வாசித்து முடிந்த பிறகே அது தூரத்தில் கேட்கத் தொடங்கும். பிறகு கிட்ட வந்து, பிறேக் போட்டு, பெருமூச்சு விட்டுக் கதவைத் திறக்கும்.

“உடனே வராதே, நிக்” என்றார் வேர்னன். “கொஞ்சம் காத்திருக்கட்டும். காத்திராமல் கிடைத்த பஸ்ஸுக்கு ஒருவனும் நன்றி சொன்னதில்லை.”

கதவு திறக்கிற அந்தப் பெருமூச்சுத்தான் தம் வாழ்நாளில் தாம் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று நீக்கிலாப்பிள்ளை நம்பினார். வாளி மூடிகளை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அந்தப் பெருமூச்சைத் தம்முடைய சனம் ஒருதடவை கேட்க வேண்டும். பாராட்ட வேண்டியதில்லை, கேட்டால் போதும். அவருடைய பேராசை அவ்வளவுதான்.

கசெற்றை எடுத்துக்கொண்டு மில்லிக்கனுக்குக் காரில் போனார். அங்கே ஒரு பிளாசாவில், பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில், பனிமுல்லை வானொலி இயங்கியது. அந்நாட்களில் தமிழ் வானொலி கேட்க அதற்கென்று விற்கப்பட்ட தனிப் பெட்டி வேண்டும். அது எல்லார் வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் இருந்து நாள் முழுவதும் கதைத்தது. வானொலியின் அதிபர், அறிவிப்பாளர், விளம்பர முகாமையாளர், செய்தி ஆசிரியர் ஆகிய நால்வரும் தில்லையம்பலம் என்ற ஒருவரே. அவர் கசெற்றைப் போட்டு, கிற்றாரின் முதல் சுற்றில் கண்ணை மூடினார். சுற்று முடியுமுன் நிறுத்தினார்.

“அண்ணை, அருமை. நெஞ்சைப் பிடிச்சு இழுக்குது. அடுத்த கிழமையிலயிருந்து ஒவ்வொரு நாளும் போடுறன்.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஒரு நாளைக்கு மூண்டு தரம்.”

அடுத்த திங்கட்கிழமை நீக்கிலாப்பிள்ளை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பெட்டிக்கு முன் உட்கார்ந்தார். கிற்றார் தொடங்கியது. கிளடிஸ் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார்.

“இஞ்சேரப்பா, உங்கட பாட்டு!”

“பொறும். நான் இன்னும் வரேல்லை.”

அவர் வரவில்லை. தில்லையம்பலம் வந்தார். குரலை வயிற்றுக்குள்ளிருந்து எடுத்து, “மரண அறிவித்தல்” என்றார்.

அன்றிலிருந்து ஐந்து வருடம், ரொறன்ரோவில் எந்தத் தமிழர் இறந்தாலும் வேர்னனின் கிற்றார்தான் அவரை வழியனுப்பியது. காலஞ்சென்றவரின் பிறப்பிடம், வதிவிடம், தாய், தந்தை, துணை, பிள்ளைகள், மருமக்கள், மைத்துனர், சகலன், சம்பந்தி, பேரர், பூட்டர் என்று, இசையை நன்றாகத் தணித்து வாசித்து முடிய, கசெற்றை நிறுத்திவிட்டு அரிசி விளம்பரம் போடுவார்கள். மவுத் ஓர்கன் நுழையும் இடத்தில் எப்போதும் ஒரு மைத்துனர் நின்றார். ஐந்து வருடமாக மொத்தச் சமூகமும் அந்தத் தரிப்பிடத்தில் காத்திருந்தது. பஸ் ஒருநாளும் வரவில்லை. வரவில்லை என்பதுகூட ஒருவருக்கும் தெரியாது.

வேர்னனுக்கு நீக்கிலாப்பிள்ளை உண்மையைச் சொல்லவில்லை. தினமும் மூன்று தடவை என்பதை மட்டும் சொன்னார். தாம் தமிழர்களிடையே பெரிய ஆள் என்று வேர்னன் தொழிற்சாலை முழுவதும் சொல்லித் திரிந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறியின் நடுவே அதைக் காதாலும் கேட்டுவிட்டார்.

“அந்த மனிதன் நம்முடைய இசைக்கு மேலே என்ன கதைக்கிறான்?”

“விளம்பரம்” என்றார் நீக்கிலாப்பிள்ளை.

வேர்னன் யோசித்தார். “இவ்வளவு சோகமாக எதை விற்கிறார்கள்?”



புகழ் தன் வேலையைக் காட்டியது தொண்ணூற்றாறில். கிளடிஸின் சிநேகிதி யோகமலர் மில்லிக்கனில் புதுவீடு வாங்கி, மகள் அட்சயாவின் முதலாவது பிறந்தநாளை அங்கே வைத்தார். யாரோ ஒரு நல்ல மனிதர், நீக்கிலண்ணையும் அந்தக் கறுப்பு அங்கிளும் ஏதாவது வாசிக்கட்டுமே என்றார். நீக்கிலாப்பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வேர்னன் கிற்றாரை மடியில் வைத்தார். நீக்கிலாப்பிள்ளை மவுத் ஓர்கனை உதட்டருகே கொண்டுபோய், காத்து நின்றார்.

இரண்டாவது அடியிலேயே வீடு அமைதியாயிற்று. பெரியவர் ஒருவர் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“ஆராம்?” என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தார்.

“தெரியேல்லை. யோகமலரின்ர மாமா ஒராள் கொழும்பில வருத்தம் கடுமையெண்டு கேள்வி.”

“ஐயோ, அந்த மனுசனோ! போன கிழமையும் கதைச்சவராமே!”

கிற்றார் ஒரு சுற்று முடிக்குமுன் இறந்தவர் யார், என்ன வருத்தம், மூத்த மகன் லண்டனிலிருந்து வருவானா மாட்டானா என்பதெல்லாம் தீர்மானமாகிவிட்டது. யோகமலர் குழந்தையையும் கேக் வெட்டும் கத்தியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“நீக்கிலண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், நிப்பாட்டுங்கோ! பிள்ளைக்கு ஒரு வயசுதான்!”

உதட்டருகே இருந்த மவுத் ஓர்கன் அப்படியே சட்டைப்பைக்குப் போனது.

“என்ன சொல்கிறார்?” என்று வேர்னன் கேட்டார்.

“நல்லாயிருக்கிறதாம். சாப்பாடு ஆறுகிறதாம்.”

மறுநாள் நீக்கிலாப்பிள்ளை மேல்மாடிக்கு ஏறிப்போய்த் தில்லையம்பலத்துக்கு முன் நின்றார்.

“தம்பி, ஒருக்கா முழுக்கப் போடும். ஒரேயொருக்கா.”

“எனக்கு ஆசையில்லாமலோ, அண்ணை? ஆனால் செத்த ஆக்களுக்குச் சொந்தம் வலு கூட, பாட்டு முடிஞ்சாலும் பேர் முடியாது. நான் ஒருத்தரை விட்டுட்டு வாசிச்சால் அடுத்த நாள் அந்தச் சகலன் வந்து படியில நிக்கிறான். சொந்தம் குறைஞ்ச ஒராள் செத்தால் சொல்லுங்கோ. அண்டைக்குச் சத்தியமாய் முழுக்கப் போடுறன்.”

சொந்தம் குறைந்த தமிழர் ஒருவரும் இறக்கவில்லை. தீவுப்பகுதியிலிருந்து வந்த எண்பத்தொரு வயதுப் பிரமச்சாரி ஒருவருக்குக்கூட அண்ணன் தம்பிமாரின் பிள்ளைகளாக இருபத்திரண்டு பெறாமக்கள் இருந்தார்கள்.

தொண்ணூற்றெட்டு மாசியில் வேர்னன் இறந்தார். தொழிற்சாலை வாசலில், பஸ்ஸால் இறங்கிய இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தவர் எழும்பவில்லை. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. நோவா ஸ்கோஷியாவில் எடித் என்றொரு சகோதரி மட்டும்.

நீக்கிலாப்பிள்ளை அழுதார். இதை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அடுத்து அவர் நினைத்தது அவ்வளவு அழகானதல்ல. ஒரேயொரு சகோதரி. சொந்தம் குறைந்த ஆள் கடைசியில் கிடைத்துவிட்டார். அந்த நினைப்பு வந்ததற்காக மறுபடியும் அழுதார். பிறகு தொலைபேசியை எடுத்துத் தில்லையம்பலத்திடம் விபரம் சொன்னார்.

“எங்கட ஆள் இல்லையே, அண்ணை” என்றார் தில்லையம்பலம்.

“ஐஞ்சு வருசமாய் உங்கட ஆக்களையெல்லாம் அனுப்பி வைச்சது அவற்ற கிற்றார்தான்.”

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. “சரி அண்ணை. நாளைக்குக் காலமை. ஒரு தங்கச்சிதானே? வாசிச்சுப்போட்டு வாயை மூடிறன். பாட்டு முழுக்கப் போகும்.”

அடுத்த நாள் காலை நீக்கிலாப்பிள்ளை வானொலிப் பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் தலையிலிருந்து இறக்கி மேசையில் வைத்தார். கிளடிஸ் பக்கத்தில் வந்து இருந்தார். கிற்றார் தொடங்கியது. வேர்னன் காலை மாற்றி ஊன்றினார், கையை ஊதினார்.

“நோவா ஸ்கோஷியாவைப் பிறப்பிடமாகவும், ரெக்ஸ்டேலை வதிவிடமாகவும் கொண்ட திரு. வேர்னன் கோல்பேர்ட் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னார் எடித்தின் பாசமிகு சகோதரரும்...”

இதோ, முடிந்தது. சுற்று முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. நீக்கிலாப்பிள்ளை தாமே வாசிக்கப் போகிறவர்போல மூச்சை உள்ளே இழுத்தார்.

“...நீக்கிலாப்பிள்ளையின் உடன்பிறவாச் சகோதரரும், கிளடிஸின் அன்பு மைத்துனரும், ஜஸ்ரின், ஸ்டெபனி ஆகியோரின் ஆசைப் பெரியப்பாவும், அமிர்தநாதர் பாரிஸ், வேரோனிக்கா லண்டன், றோஸ்மேரி மன்னார் ஆகியோரின்...”

நீக்கிலாப்பிள்ளை மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“நான்தான் ராத்திரிப் போன் பண்ணிச் சொன்னனான்” என்றார் கிளடிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஒரு தங்கச்சியோட மட்டும் அந்த மனுசனை அனுப்பிறதே? சனம் என்ன நினைக்கும், அநாதையெண்டெல்லோ நினைக்கும்? என்ர கையால எத்தினை ஞாயிறு சாப்பிட்டவர்.”

அவர் தம் பக்கத்துச் சொந்தம் முழுவதையும் வேர்னனுக்குக் கொடுத்திருந்தார். அந்த மனிதரைக் கண்ணால் காணாத மச்சான்மாரும் பெறாமக்களும் வரிசையாக வந்தார்கள். சொன்ன சொல்லுக்காகத் தில்லையம்பலம் அன்று இசையைத் தணிக்கவில்லை; அவர்களுடைய காலடியில் எங்கோ, தூரத்தில், பஸ் வந்தது. பாரிஸுக்கும் மன்னாருக்கும் இடையே அது கிட்ட வந்தது. ஒரு சகலனுக்கு அடியில் பிறேக் போட்டது. கதவு திறந்து பெருமூச்சு விட்ட அந்த இடத்தில் தில்லையம்பலம், “உற்றார், உறவினர், நண்பர்கள்” என்றார். கடைசியாக, நீக்கிலாப்பிள்ளையின் பெயர் வானொலியில் தெளிவாகவும் தனியாகவும் ஒலித்தது.

“தகவல்: நீக்கிலாப்பிள்ளை.”

அவர் மனைவியை ஏசவில்லை. எதைச் சொல்லி ஏசுவது? அந்த வீட்டில் அன்று நடந்ததில் அன்பு இல்லாத காரியம் ஒன்றுமில்லை. கிளடிஸ் எழுந்து, வரப்போகிற சனத்துக்காகக் கேத்தலை அடுப்பில் வைத்தார். தொலைபேசி அடித்தது. மில்லிக்கனிலிருந்து யோகமலர்.

“அண்ணை, கேட்டு நெஞ்சு திக்கெண்டிட்டுது. உங்கட அண்ணையை எங்கட வீட்டையும் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். பின்னேரம் எல்லாரும் வாறம், சாப்பாடு நான் கொண்டாறன், கிளடிஸை ஒண்டும் சமைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

“ஓம்” என்றார் நீக்கிலாப்பிள்ளை.

“வேறையொண்டு அண்ணை, வாசிக்கேக்க பின்னால உஸ்ஸெண்டு ஒரு இரைச்சல் கேட்டுது. இண்டைக்கு மட்டும்தான். எங்கட பெட்டிதான் பழுதாப் போச்சோ தெரியேல்லை. உங்கடயில கேட்டதே?”

நீக்கிலாப்பிள்ளை மேசையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். அது அரிசி விற்றுக்கொண்டிருந்தது.

“கேட்டது, பிள்ளை” என்றார். “உங்கட பெட்டியில பழுதில்லை. அது வானொலிக்காரரின்ர பக்கத்துப் பிழை. நாளைக்கு வராது.”