அது வேறு துறையாம்

தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விட்டு வாய் திறக்காத பேராசிரியர்கள் ஏமாற்றுக்காரர்கள். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

சேமிப்பு பற்றிய ஆய்வுக்காகத் திருத்தணியிலிருந்து பஸ் ஏறி, அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவரிடம் கேள்வித்தாளோடு போனேன். ஒல்லியான ஆள். புருவமெல்லாம் நூல் தூசு. நான் கேட்கும் முன்பே பதில் சொன்னார்.

"வயசு அம்பத்திரெண்டு, படிப்பு எட்டாவது, வூட்ல அஞ்சு பேரு. எழுதிக்கினியா? நீ பாட்டா, பணமா, தண்ணியா?"

பாட்டு சேகரிக்க வந்தவர்கள் அவர் மனைவியை நாள் முழுக்கப் பாட வைத்தார்களாம். சாயக்கழிவை ஆராய வந்தவர்கள் அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்களாம்.

"நான் பணம்ங்க" என்றேன்.

"அப்ப உனக்கும் தெரியாது. குடிக்கலாமா வேணாமான்னு சொல்ல ஒருத்தரும் வரல நைனா. குடிச்சிகினுதான் கீறோம்."

கிளம்பும்போது ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினார். தாகமில்லை என்றேன். சிரித்துவிட்டு அவரே குடித்தார்.

அந்தத் தண்ணீர் சோதனை என்ன ஆனது என்று என் பேராசிரியரிடம் கேட்டேன். "அது வேற டிபார்ட்மெண்ட்பா" என்றார். அந்தப் பகுதிச் சாயக்கழிவு பற்றிய ஆய்வேட்டை நூலகத்தில் தேடிப் படித்தேன். சில கிணறுகளின் தண்ணீர் குடிக்க ஆகாது என்று இருந்தது. ஆனால் ஊர், பெயர் எதுவும் இல்லை. எல்லாக் கிணறும் வெறும் எண்தான். அதுதான் ஆய்வு முறையாம்.

பட்டம் வாங்கியவரும் வாங்கிக்கொடுத்தவரும் அவர் தெருவுக்கு வாருங்கள். அவருடைய கிணறு எந்த எண் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.