கேனில் நின்ற ஈரம்

“…ஈரத்தோட கவுத்துக் காட்டுனா ஊரு சும்மா விடுமாண்ணே? ஊர் வாய மூட ஒலமூடி ஏது?” என்றார் பால்காரர். சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை உருவி, நான் அப்போதுதான் கொதிநீர் ஊற்றிக் கழுவியிருந்த கேனுக்குள் கையை விட்டுத் துடைத்தார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நாளில் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தேன். சாயங்கால ஷிப்டு மாறும் நேரம்தான் என் வியாபாரம். அந்த நேரம் பார்த்துத்தான் அடுப்பில் பால் திரியும். “என்ன மொதலாளி, டீக்கடையில மோர்க்கடையும் சேத்துட்டீகளா?” என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போவார்கள். சிரித்துக்கொண்டேதான் போவார்கள். ஆனால் போனவர்கள் மறுநாளும் அங்கேயே நின்றார்கள். இப்படியே போனால் கடையைச் சாத்திவிட்டு நானும் மில் வாசலில் வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

பால்காரரிடம் சொன்னால், “ஒரு சொட்டுத் தண்ணி கலந்திருந்தா ஏங் கை வெளங்காதுண்ணே” என்பார்.

“அப்பு, தண்ணியப் பத்தி யாரு கேட்டா? பால் திரியுதுங்கிறேன்.”

“தண்ணியில்லாத பாலு எப்பிடித் திரியும்?”

சுத்தம் என்றால் அவருக்குத் தண்ணீர் கலக்காதது. அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பக்கத்தில் தண்ணீர் கலக்காதவர் என்று பேர் வாங்கியவர் அவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் ஊற்றும் பாலில் காசைப் போட்டால் பூவா தலையா என்று மேலிருந்தே சொல்லிவிடலாம்.

என் கடைக்கு மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர் வருவார். அவர்தான் சொன்னார். “கையில, மடியில, பாத்திரத்துல ஒட்டுன அழுக்குலருந்து கிருமி பாலுக்குள்ள எறங்கிருது. இந்த வெயில்ல சைக்கிள் இங்க வந்து சேரதுக்குள்ள அது பேரன் பேத்தி எடுத்துருது. கேன்ல கொதிக்கிற தண்ணிய ஊத்திக் கழுவி, அப்பிடியே கவுத்து வைக்கச் சொல்லுங்க. துணி மட்டும் படக்கூடாது.”

சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. அதனால்தான் அன்று மதியக் கறவைக்கு நானே அவர் தொழுவத்துக்குப் போய், தண்ணீர் காய்ச்சி, பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்தேன். கையையும் நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வாளியில் கறந்தார். எல்லாம் ஒழுங்கு. கடைசியில் இந்தத் துண்டு.

“அந்தத் துண்டுதானப்பு வினையே.”

“நேத்துத்தான் கெணத்துல அலசுனேன்.”

“இன்னைக்கு அதுலதான் மாட்டு மடியத் தொடச்ச. கன்னுக்குட்டி வாய் நுரையத் தொடச்ச. ஓங் கழுத்து வேர்வையத் தொடச்ச.”

துண்டை விரித்துப் பார்த்தார். யோசித்தார். நியாயம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பிறகு மறுபக்கத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி கேனுக்குள் கையை விட்டார்.

கேனைப் பிடுங்கினேன். மிச்சமிருந்த கொதிநீரை மறுபடி ஊற்றிச் சுழற்றிக் கொட்டினேன். கோபத்தில் விரலையும் சுட்டுக்கொண்டேன். “திரியாத பால் வேணும். இல்லேன்னா நாளையிலருந்து வேற ஆளு.”

“ஒங்களுக்குக் கடை போகுது. எனக்குப் பேரு போகுமேண்ணே” என்றார், சத்தமே இல்லாமல்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. தன் வாசலில் செம்போடு நிற்பவர்களுக்கு முன்னால் வெறும் கேனைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கறந்த பாலை அதில் ஊற்றுவார். அதுதான் அவருடைய சத்தியம். உள்ளிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் சாயங்காலத்துக்குள் ஊர் வாயில் அது ஒரு குடமாகிவிடும்.

பால்காரர் என் கையிலிருந்து கேனை வாங்கினார். துண்டைத் தொழுவக் கம்பில் போட்டார். கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க் கவிழ்த்தார். நாலைந்து சொட்டு மண்ணில் விழுந்தது.

“என்னய்யா, இன்னைக்கு கேனு அழுவுது?” என்றாள் செம்போடு நின்ற ஒருத்தி.

அவர் கேனை நிமிர்த்தி வைத்தார். உள்ளே வந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போய், அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். “இது என்ன தண்ணின்னு நீங்களே சொல்லுங்கண்ணே.”