காகிதத்தில் விழுந்த முகம்

தண்ணீர் சொட்டும் தாளொன்றை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்து, "வந்துருச்சு பாரு" என்று மதினி சிரித்த அந்தப் பகல்தான், அவரை நினைத்தால் முதலில் கண்முன் வரும். தாளில் எங்கள் வீட்டுக் கிணற்றடி தெரிந்தது. நெகட்டிவில் தெரிவதுபோல வானம் கறுப்பாகவும் நிழல் வெள்ளையாகவும் இருந்தன. பிலிம் இல்லாமல் எடுத்த படம் அது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல் கடைவீதியில் அண்ணன் ஸ்டுடியோ வைத்திருந்தார். வெளிநாட்டு பிலிம் வரத்து நின்றுபோய், மதுரை மொத்தக் கடையிலும் கையை விரித்துவிட்டார்கள். "வரும்போது பாத்துக்குவோம்" என்று அண்ணன் வேறு வேலையாகப் பழனிக்குப் போய்விட்டார். மதினியால் அப்படி விட முடியவில்லை. பிலிம் வருவதற்கு முன்பு காகிதத்திலேயே படம் எடுத்தார்கள் என்று அண்ணனின் தொழில் புத்தகத்தில் படித்திருந்தார். பிரிண்ட் போடும் தாள் தடிமன், ஒளி ஊடுருவாது. அதனால் மெல்லிய தாளை வாங்கி, வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினை இருட்டறையின் சிவப்பு விளக்கில் தூரிகையால் பூசினார். நான் இருட்டிலேயே காயப்போட்டேன். எங்கள் ஊர் வெக்கையில் பூச்சு இளகி, கழுவும்போது கஞ்சிபோல வழிந்தோடியது. "சூடுதானே எதிரி? தண்ணியக் குளுர வைப்போம்" என்று மண்பானைத் தண்ணீரில் கழுவத் தொடங்கினார். பூச்சு நின்றது. பின்புறம் தேங்காயெண்ணெய் தடவியதும் தாள் கண்ணாடிபோலத் தெளிந்தது; அதன் வழியே ஒளி பாய்ச்சி, கறுப்பு வெள்ளை மாறாத பிரிண்ட் போட முடிந்தது.

அந்த வாரமே தோல் மண்டியில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். சிங்கப்பூருக்குக் கப்பலேறப் போகிறார். படுக்கையில் கிடக்கும் தாயின் படம் ஒன்று வேண்டும். திரும்பி வரும்போது தாய் உயிரோடு இருப்பாரோ என்னவோ. "எடுத்துத் தாரேன்" என்றார் மதினி, யோசிக்கவேயில்லை. எனக்குத்தான் பயம். காகிதத்தில் படம் விழ வெகுநேரம் அசையாமல் இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கோ கைநடுக்கம்.

பேகம்பூரில் அவர்கள் வீட்டு முற்றத்து வெயிலுக்கு அந்த அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வந்தோம். "அம்மா, என்னையவே பாத்துக்கிட்டு இருங்க" என்று மகன் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றார். அந்த அம்மா கண்ணை எடுக்கவில்லை.

படத்தில் முகம் சுருக்கம் சுருக்கமாகத் துல்லியமாக விழுந்திருந்தது. கைகள் மட்டும் புகைபோலக் கலைந்திருந்தன.

"கை ஆடிப்போச்சுண்ணே. நாளைக்கு இன்னொண்ணு எடுப்போம்" என்றார் மதினி.

மகன் படத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "வேணாம் தங்கச்சி. இந்தக் கை ஆடாம இருந்தா, அது எங்கம்மா இல்ல."

இன்று கை அசைந்தால் படத்தை அழித்துவிட்டு மறுபடி எடுக்கிறார்கள். மதினி அன்று அதே படத்தில் இன்னொரு பிரதி போட்டு, ஸ்டுடியோவின் முகப்பில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டினார்.